பெண்ணையாற்றங்கரைக் கோட்டைகள்

பிரான்சு நாட்டிலே லுவார் என்றோர் ஆறு ஓடுகிறது. அந்நாட்டு ஆறுகளுள் நீளத்தால் முதலாவது அதுவே. அதன் கரையிலும், அதனோடு வந்து கூடும் கிளையாறுகளின் கரையிலும், மன்னரும் பிரபுக்களும் கட்டிய கோட்டைகளும் மாளிகைகளும் வரிசையாக நிற்கின்றன. 1519ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னன் வேட்டை மாளிகையாகத் தொடங்கிய ஷாம்போர் ஒன்று. ஷேர் என்னும் கிளையாற்றின் குறுக்கே பாலம்போல் நீண்டு கிடக்கும் ஷெனோன்சோ மற்றொன்று. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அங்கே சென்று ஆற்றோரமாகவே ஒரு கோட்டையிலிருந்து மறு கோட்டைக்கு நடந்தவர்கள் எழுதியவற்றைப் படிக்கையில் நமக்கும் ஆசை பிறக்கத்தான் செய்கிறது. கடல் கடந்து செல்லும் வசதி நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? ஆனால் ஒன்று சொல்வோம். ஓர் ஆற்றின் வழியே கோட்டை கோட்டையாக இறங்கிச் செல்லும் இன்பத்துக்குப் பெங்களூர்த் தமிழர் பிரான்சு வரை போகவேண்டுவதில்லை. அப்படிப்பட்ட ஆற்றுவெளி ஒன்றிலேதான் நாம் குடியிருக்கிறோம். அதனை அறியாமலே குடியிருக்கிறோம் என்பதுதான் வியப்பு.

அந்த ஆறு தென்பெண்ணை. கன்னட மக்கள் இதனைத் தட்சிணப் பினாகினி என்பர். நந்திமலைத் தொடரிலே பிறந்து, ஹொசகோட்டை ஏரியை நிரப்பி, பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கி, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டினுள் புகுகிறது. பின் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், சாத்தனூர், திருக்கோவலூர் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடிக் கடலூர்ப் பக்கத்தில் வங்கக் கடலிலே கலக்கிறது. தருமபுரி, திருப்பத்தூர், சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் பலர் மேட்டுநிலத்துக்கு ஏறி வந்த வழியும் இந்த ஆற்றுவெளிதான். ஆறு இறங்குகிறது, நாம் ஏறி வந்தோம்.

சென்ற தை மாதம் தொடங்கி ஆனி மாதம் வரையில், விடுமுறை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் நால்வர் இவ்வாற்றின் போக்கிலே உள்ள கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தோம். சில நாட்களில் எங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் உடன் வந்தனர்.

முதற்கோட்டைக்கு வண்டிச் சத்தமே தேவையில்லை. கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கு எதிரே, தள்ளுவண்டிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில், பெங்களூர்க் கோட்டையின் டில்லி வாயில் நிற்கிறது. கெம்பே கவுடர் 1537இல் எழுப்பிய மண்கோட்டையின் தொடர்ச்சி இது; 1761இல் ஹைதர் அலி கல்லாலே கட்டினார். பெருங்கோட்டையில் இப்போது எஞ்சியிருப்பது ஒரு மூலைதான். 1791 மார்ச் 21 இரவில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை சுவரை உடைத்துப் புகுந்த இடத்திலே ஒரு கல்வெட்டும் பதித்திருக்கிறார்கள். கோட்டைக் காவலர் பகதூர் கான் அன்றிரவு போரிட்டே மாண்டார். வாயிலின் கல்வேலைப்பாடு நுட்பமானது. உள்ளே பிள்ளையார் கோவிலும் உண்டு. வாரந்தோறும் அவ்வழியே காய்கறி வாங்கச் செல்லும் நம் இல்லத்தரசிகளுள் பலர் ஒரு தரமும் உள்ளே நுழைந்ததில்லை என்பதை விசாரித்தே அறிந்தோம்.

இந்தக் கோட்டைக்கும் பெண்ணையாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மஜெஸ்டிக் பக்கத்திலே தொடங்கி, மார்க்கெட்டை ஒட்டி, சாந்திநகர், கோரமங்கலம் வழியாகச் செல்லும் ராஜகால்வாய் பெல்லந்தூர் ஏரியிலே விழுகிறது. பெல்லந்தூர் நிரம்பி வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூர் வழிந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஆகவே இக்கோட்டைப் பக்கத்தில் பெய்யும் மழைநீர் அந்தக் கால்வாயிலே விழுந்தால் கிருஷ்ணகிரிக்குத்தான் போயாகவேண்டும். இதனை வாசகர்கள் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது பயணம் ஆறு பிறக்கும் இடத்துக்கு. சிக்கபள்ளாபுரம் செல்லும் வண்டியில் ஏறினால் நந்தி ஹால்ட் என்னும் சிறு நிலையத்தில் இறங்கலாம். 1915இல் குறுகிய பாதையாகத் திறந்த தடம் அது, பின்னர் அகலப்பாதையாயிற்று. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்துவேலை பார்க்கும் எங்களுக்கு அந்தப் பழைய கட்டடத்தை விட்டு வர மனம் வரவில்லை. பிள்ளைகள்தாம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மலையடியிலே நந்திக் கிராமத்தில் போகநந்தீசுவரர் கோவில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டிலே தோன்றி, சோழர், ஹொய்சளர், விசயநகரத்தார் எனக் கைமாறிக் கைமாறி வளர்ந்த கோவில். சோழர் இந்நாட்டை நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயரிட்டு ஆண்டனர். நாம் நேற்று வந்த கூட்டம் என்று எண்ணித் தலைகுனியும் இளைஞர்களும், நாமே முதலில் வந்தோம் என்று மார்தட்டும் பெரியவர்களும், அந்த மண்டபத் தூண்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது. ஒரு வம்சத்தார் தொடங்கியதை மற்றொரு வம்சத்தார் இடிக்காமல் தொடர்ந்து கட்டியிருக்கிறார்கள்.

மேலே நந்திதுர்க்கம். கடல் மட்டத்துக்கு மேல் 1,478 மீட்டர். சிக்கபள்ளாபுரத்துப் பாளையக்காரர் அரணாக்கிய மலையை ஹைதரும் திப்புவும் பலப்படுத்தினர். செங்குத்தான பாறைச் சரிவு மூன்று பக்கம். ஒரு பக்கத்தில் மட்டுமே இரட்டைச் சுவர். 1791இல் மேஜர் கௌடி என்னும் ஆங்கிலத் தளபதி, மலையிலே பாதை வெட்டிப் பீரங்கிகளை ஏற்றவே வாரக்கணக்கில் பாடுபட்டு, அக்டோபர் 19ஆம் நாள் நிலவொளியிலே கோட்டையைப் பிடித்தார். இன்று அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஏறும் வரிசையைப் பார்த்தால், முற்றுகை இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். நந்தியைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் இதற்குமேல் நாம் எழுதப் புகவில்லை.

மூன்றாவது பயணம் ஓசூருக்கு. ஓசூர்க் கோட்டை பெரும்பாலும் அழிந்துபோயிற்று. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கிருஷ்ணகிரி வட்டாரம் சேலம் மாவட்டத்திலே அடங்கியிருந்த 19ஆம் நூற்றாண்டில், பிரெட் என்னும் ஆங்கிலக் கலெக்டர் ஓசூர்க் கோட்டைக்குள்ளே சீமைக் கோட்டை ஒன்றையே கட்டினார். இங்கிலாந்திலுள்ள கெனில்வர்த் கோட்டையின் பெயரையே அதற்கும் வைத்தார். தமக்கு நிச்சயித்த பெண், கோட்டையிலேதான் குடியிருப்பேன் என்று பிடிவாதம் செய்ததாகவும், கட்டி முடித்த பிறகும் அவள் கப்பல் ஏறவே இல்லை என்றும் ஓசூரிலே கதை சொல்வார்கள். கதை எவ்வளவு மெய்யோ, மாளிகை இருந்தது மெய். இன்று அது எழுந்து நிற்கவில்லை. லுவார் நதிக்கரையின் ஆசையை நம் பெண்ணையாற்றுப் பக்கத்திலே ஒருவர் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார் என்று சொல்லிச் சிரித்தோம்.

ஓசூருக்கு அருகிலேதான் இராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளிக் கிராமமும் இருக்கிறது. அவர் ஓசூரிலே பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கு வந்தார். கீழ்நாட்டார் மேட்டுக்கு ஏறி வந்து கல்வி பெற்ற வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது.

பிறகு கெலவரப்பள்ளி அணையைப் பார்க்கச் சென்றோம். தமிழ்நாட்டினுள் நுழைந்தவுடன் தென்பெண்ணையை நிறுத்தி வைக்கும் முதல் அணை அது. முந்தைய நாள் நல்ல மழை. மதகின் கீழே வெள்ளை வெளேரென்று ஏதோ மலைபோல் குவிந்து கிடந்தது. எங்களுள் ஒருவருடைய ஆறு வயதுப் பெண், ‘பஞ்சு, பஞ்சு’ என்று கைகொட்டினாள். கிட்டச் சென்றதும் நாற்றம் தாளவில்லை. நுரை. காற்றடித்தபோது ஆளுயரத் துண்டுகளாகப் பிய்ந்து, பக்கத்துக் கொல்லைகளின் மேலே பறந்து விழுந்தது.

கரையிலே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பெங்களூர் என்றோம். அவர் சிரித்தார்.

“அப்படியானால் இது உங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீர்தான், தம்பி. நீங்கள் அங்கே துவைக்கிறீர்கள்; நாங்கள் இங்கே அலசிக்கொண்டிருக்கிறோம்.”

இந்த நீரையா பயிருக்கு விடுகிறீர்கள், ஐயா, என்று கேட்டோம். “வேறு எதை விடுவது?” என்றார். அவர் குரலிலே கோபம் இல்லை. கோபித்திருந்தால் எங்களுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

பெங்களூரின் வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுநீரும் பெல்லந்தூர் ஏரியிலே சேர்ந்து நுரைத்ததையும், 2015இலும் 2017இலும் அவ்வேரியின்மேலே தீயே பற்றி எரிந்ததையும் செய்தித்தாளிலே படித்திருக்கிறோம். படித்துவிட்டு அது பெல்லந்தூர்க்காரர் பாடு என்று இருந்தோம். அந்த ஏரிக்கு அடுத்தது எது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? காவிரியின் பெயரால் 1991இல் இந்நகரிலே நம் மக்கள் பட்டது நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. 2016இலும் அச்சம் திரும்பி வந்தது. ஆகவே ஆறு என்றாலே நமக்குக் காவிரிதான். பெண்ணையைப் பற்றியும் இரு மாநிலங்களுக்கிடையே வழக்கு நீதிமன்றம் ஏறியிருக்கிறது. அது எவ்வளவு தண்ணீர் வரவேண்டும் என்னும் வழக்கு. அதன் நியாயங்களை ஆராய இது இடமன்று. எப்படிப்பட்ட தண்ணீர் வரவேண்டும் என்பது வேறு கேள்வி. அதிலே நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம்? பிறந்த ஊரால் வாங்கும் பக்கத்திலும், குடியிருக்கும் வீட்டால் அனுப்பும் பக்கத்திலும் ஒருங்கே நிற்கிறோம். அன்றைக்குக் கட்டுச்சோறு யாருக்கும் இறங்கவில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுவந்தோம்.

நான்காவது, இராயக்கோட்டை. ஆற்றுக்குச் சற்று விலகியிருப்பினும் இவ்வெளியின் திறவுகோல் இதுதான். ஓசூரிலிருந்து தருமபுரி செல்லும் புகைவண்டித் தடத்திலே இராயக்கோட்டை ஒரு நிலையம். வண்டி மேட்டுநிலத்தை விட்டு வளைந்து வளைந்து இறங்குவதைச் சன்னல் ஓரம் அமர்ந்து பார்க்கவேண்டும். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியோ 500 மீட்டர் அளவிலே. இடையிலுள்ள சரிவுதான் இந்நாட்டுச் சரித்திரத்தையே ஆட்டி வைத்தது.

ஏனென்றால் மேட்டுநிலத்தை ஆள்வோர்க்கும் சமவெளியை ஆள்வோர்க்கும் நடுவே உள்ள கதவுகள் இந்தக் கணவாய்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பாறைக்குன்று, குன்றின்மேல் ஒரு கோட்டை. கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த நாட்டுக்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகளால் வந்த பெயர் என்பர். இவற்றுள் ஷெனோன்சோ போல அரசியர் வாழ்ந்து அழகு பார்த்தது ஒன்றும் இல்லை. இவை காவற்சாவடிகள். பீரங்கி மேடையும் தானியக் கிடங்கும் சுனையும் இருந்தால் போதும் என்று கட்டியவை. அலங்காரத்தை எதிர்பார்த்து ஏறுவோர் ஏமாறுவர்.

1791இன் கதையை எங்கள் அலுவலகக் கண்ணோடு பார்த்தால் நன்றாக விளங்குகிறது. பெங்களூரைப் பிடித்த கார்ன்வாலிஸ் மே மாதத்திலே சீரங்கப்பட்டணம் வரை சென்றும், உணவும் மாடும் இல்லாமல் பீரங்கிகளைத் தாமே உடைத்துப்போட்டுத் திரும்பினார். போரை நிறுத்தியது வாளன்று, சரக்குப் போக்குவரத்து. ஆகவே அடுத்த ஆறு மாதமும் அவர் செய்த வேலை வழிகளைத் திறப்பதே. ஜூலையிலே ஓசூர், அதே மாதத்திலே கௌடியின் படை இராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடிக்க, மேல்கோட்டையும் பணிந்தது. அதன் பின்னரே சமவெளியிலிருந்து அரிசியும் வெடிமருந்தும் தடையின்றி மேலே ஏறின. இலம்பாடி வணிகர் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளிலே தானியம் கொண்டுவந்து பாசறையிலே விற்றனர். 1799 மார்ச்சிலே ஹாரிஸ் தளபதி திப்புவின்மேல் கடைசிப் படையெடுப்புக்குச் சென்றதும் இந்த இராயக்கோட்டை வழியாகத்தான்.

குன்று ஏற எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வருகின்றன; நேரே ஓடித் தாக்க முடியாதபடி ஒவ்வொன்றும் திரும்புகிறது. உச்சியிலே இடிந்த கட்டடங்களும், பாறைப் பிளவுகளிலே தேங்கிய நீரும் உள்ளன. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலே உள்ள இடம். ஆயினும் சுவரெல்லாம் காதலர் பெயர்கள்; காலடியிலே உடைந்த புட்டிகள். அவை எந்த ஊர் மக்கள் விட்டுச் சென்றவை என்று ஆராய நாங்கள் விரும்பவில்லை. கீழே பார்த்தால் தக்காளிக் கொல்லைகள். இராயக்கோட்டைத் தக்காளி பெயர்பெற்றது. போர்ப்படைக்குத் தானியம் ஏறிய வழியிலே இன்று தக்காளிக் கூடைகள் ஏறிப் போகின்றன.

கடைசிப் பயணம் கிருஷ்ணகிரி. இவ்வூருக்கு இன்று புகைவண்டி நிலையம் இல்லை. 1905இல் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை வந்தது. சில பத்தாண்டுகளிலே மூடிப் பெயர்த்துவிட்டனர். நல்ல தடம் ஒன்றைப் பெயர்த்தெடுப்பது கோட்டையை இடிப்பதைக் காட்டிலும் எளிது போலும். பஸ்ஸிலேதான் சென்றோம்.

ஊரின் தலைமேலே கவிழ்ந்து நிற்கும் பெரும் பாறை சையத் பாஷா மலை. கிருஷ்ணதேவராயர் பெயரால் மலைக்கும் ஊருக்கும் கிருஷ்ணகிரி என்று பெயர் வந்ததாக வழங்குவர். உச்சியிலே தர்கா ஒன்று உண்டு. எல்லாச் சமயத்தாரும் ஏறி வருகின்றனர். எங்களுக்கு முன்னே நெற்றியில் திருநீறு பூசிய மூதாட்டி ஒருவர் பேரனைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாங்கள் இளைத்து நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்று, “மெதுவா வாங்க, சாமி” என்று எங்களுக்கே தைரியம் சொன்னார்.

இக்கோட்டையைப் போரிட்டுப் பிடிக்க ஆங்கிலேயரால் முடியவில்லை. 1767இலே தாக்கிப் பார்த்துத் தோற்று, முற்றுகையிட்டுப் பட்டினி போட்டே 1768இல் பெற்றனர். பின்னர் அது மைசூர் வசமாயிற்று. 1791 நவம்பர் 7 இரவில் மாக்ஸ்வெல் தளபதி கீழ்க்கோட்டையைப் பிடித்து, ஓடுகிறவர்களோடு சேர்ந்து மேல்கோட்டைக்குள்ளும் புகுந்துவிடப் பார்த்தார். கதவு அடைபட்டது. மேலிருந்து காவலர்கள் உருட்டிவிட்ட கற்களால் மாண்டவர் பலர். படை கீழே இறங்கி, பேட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போயிற்று. அந்தச் சரிவிலே நின்றுகொண்டு இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், “கல்லை உருட்டினவர்கள் தமிழரா, கன்னடரா?” என்று கேட்டான். திப்புவின் படையிலே எல்லாரும் இருந்தார்கள், கும்பினிப் படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்களே மிகுதி, என்று சொன்னோம். “அப்படியானால் யார் யாரோடு சண்டை போட்டார்கள்?” என்றான். தண்ணீர்ப் புட்டியை அவனிடம் கொடுத்து முன்னே நடக்கச் சொன்னோம்.

பீரங்கியால் ஆகாதது பேனாவால் ஆயிற்று. 1792 மார்ச்சிலே சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு பாராமகாலைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு என்னும் கேப்டனும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஏழாண்டு இந்நாட்டை ஊர் ஊராக அளந்து, உழவனிடமே நேரே தீர்வை வாங்கும் இரயத்துவாரி முறையை இங்கேதான் செய்து பார்த்தனர். மன்றோ 1820இல் சென்னைக் கவர்னரானபின் அம்முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. நம் தாத்தாக்கள் தீர்வை கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் பெங்களூர் வந்தார்கள் என்று வீடுகளில் சொல்வதுண்டல்லவா? அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம் இந்தப் பாறைகளின் நிழலிலே எழுதப்பட்டது.

உச்சியிலிருந்து பார்க்கையில் மேற்கே கிருஷ்ணகிரி அணையின் நீர் தகடுபோலத் தெரிந்தது. காமராசர் முதலமைச்சராயிருந்த 1950களிலே கட்டிய அணை அது. அதற்குக் கீழே காவேரிப்பட்டணம் வரையில் பச்சை. கெலவரப்பள்ளியிலே பார்த்த அந்த நீர்தான் இவ்வளவு தூரம் வந்து, வழியிலே தெளிந்தும் தெளியாமலும், இங்கே கிடக்கிறது. தொலைவிலிருந்து பார்க்க நீலமாகத்தான் இருந்தது.

போக விரும்புவோர்க்குச் சில சொற்கள். இராயக்கோட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். விடியுமுன் புறப்பட்டால் பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். மேலே கடைகள் இல்லை. ஆளுக்கு இரண்டு புட்டி நீராவது வேண்டும். கிருஷ்ணகிரியில் இறங்கியபின் அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வருக. இவ்வட்டாரத்திலே கோட்டைகளுக்கும் முந்திய காலத்தில், ஆநிரை காத்து மாண்ட வீரர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் ஏராளம். சிலவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் சென்றது ஆனி மாதமாகையால் வெயிலுக்கு ஈடாக மாம்பழம் கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே கூடைகளை வைத்திருந்த அம்மையாரிடம், கிளிமூக்கு மாங்காய் என்ன விலை என்று கேட்டோம். “எது, பெங்களூராவா?” என்றார். அந்த மாங்காய்க்கு இங்கே அதுதான் பெயராம். பிள்ளைகள் நம்பவில்லை, அவரை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகே பையைப் பிடித்தார்கள்.